அடுப்பின் வாய் எந்தப் பக்கம்?

பழைய பொருளைப் புதுப்பிப்பது அறச்செயலா, அல்லது வெறும் அலங்காரமா என்ற கேள்வி நூலகத்தில் அமர்ந்திருந்தபோது எனக்கு எழுந்ததன்று. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, மாநில எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டம் ஒன்றில், துருவேறிய ஓர் அடுப்பின் முன் நின்றபோது எழுந்தது.

தோட்டம் நண்பர் ஒருவருடையது. அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து குடும்பத்தில் இருந்து வருவது. அங்கே ஏலக்காய் உலர்த்தும் பழைய கட்டடம் ஒன்று உண்டு. விசிறியால் வெப்பக் காற்றைச் செலுத்தும் புதிய இயந்திரம் வந்தபின் அக்கட்டடம் பயனற்றுப்போய், உரச் சாக்குகளும் உடைந்த ஏணிகளும் அடைந்து கிடக்கும் இடமாயிற்று. நண்பர் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கென ஒரு சிறு விடுதி கட்டியிருக்கிறார். அதன் முன்கூடத்தில் அந்த அடுப்பை நிறுத்த வேண்டும், துருவை நீக்கிக் கருமை பூச வேண்டும், உள்ளே தீ எரிவது போலச் சிவப்பு விளக்கு ஒன்றும் வைக்க வேண்டும் என்பது அவரது திட்டம். அடுப்பு எந்த நாட்டில், எந்த ஆண்டில் வார்க்கப்பட்டது என்பதைக் கண்டறிந்து, ஒரு பலகையில் எழுதுவதற்கு ஏற்ற நாலு வரி தருவது எனக்கு இடப்பட்ட பணி. எனக்கு இரும்பைப் பற்றி ஓரளவு தெரியும் என்பது அவரது நம்பிக்கை.

அடுப்பு என்றவுடன் சமவெளியில் வாழ்வோருக்குச் சமையற்கட்டு நினைவுக்கு வரும். இது வேறு. பறித்தெடுத்த பச்சை ஏலக்காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர்தான். அதைப் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டுக்குக் குறைத்தால்தான் காய் கெடாமல் நிற்கும். நான்கைந்து கிலோ பச்சைக்காய் சுருங்கி ஒரு கிலோ ஆகும். வெயிலில் உலர்த்தினால் பசுமை வெளுத்துப்போகும். போடியின் ஏல மையத்தில் வியாபாரி முதலில் பார்ப்பதோ அந்தப் பசுமையைத்தான். மேலும், காயெடுப்பு நடக்கும் ஆவணி முதல் மாசி வரையான மாதங்களில் பெரும்பகுதி மலையில் மழையும் மூடுபனியுமாகவே கழியும். வெயிலை நம்பிப் பிழைக்க இயலாது. எனவே நம் முன்னோர் ஒரு கட்டடத்தை அமைத்தனர். தோட்டத்தில் அதற்கு 'ஸ்டோர்' என்றே பெயர். சன்னல்கள் இல்லாத ஓர் அறை. உள்ளே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். தரையையொட்டி இரும்புப் புகைக்குழாய்கள். சுவரில் பதிந்த பீப்பாய் போன்ற அடுப்பு. விறகின் தீ அடுப்பில் எரியும். புகை குழாய்களின் வழியே அறையைச் சுற்றிச் சென்று புகைபோக்கியில் வெளியேறும். குழாயின் சூடு மட்டும் காயைத் தொடும். சிக்கிம் மலைகளில் பெரிய ஏலக்காயைத் திறந்த அடுப்பின்மேல் பரப்பி உலர்த்தும் பழைய முறையில் புகை காயில் படிந்து, நிறம் கறுத்துப்போகும். நம் மலையின் ஸ்டோரில் தீயும் காயும் ஒன்றையொன்று காண்பதே இல்லை.

அறையின் வெப்பம் 45 முதல் 55 பாகை செல்சியசுக்குள் நிற்க வேண்டும். கூடினால் காய் வெடிக்கும், பச்சை பழுப்பாகும், மணம் தரும் எண்ணெய் காற்றோடு போகும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தொடக்கத்தில் மேற்சுவரின் துளைகளைத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்றிப் பின்னர் மூட வேண்டும். இப்படி 24 மணி நேரம், 30 மணி நேரம். ஓர் இரவு முழுவதையும் உள்ளடக்கிய கணக்கு இது. அந்த இரவில் ஒருவர் உறங்காமல் இருந்தாக வேண்டும். ஆண்டுக்கொரு முறை பாஸ்கா திருவிழிப்பில், ஆலய முற்றத்தில் புது நெருப்பைச் சுற்றி நாம் சற்று நேரம் நின்றுவிட்டு உள்ளே போகிறோம். தீயோடு விழித்திருப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நம் மலைமேல் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள்.

இனி, அடுப்பை அடையாளம் காணும் கதைக்கு வருகிறேன். வார்ப்பிரும்புப் பொருள்கள் பலவற்றில் வார்த்தவரின் முத்திரை இருக்கும். 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவு செய்யப்பட்ட வடிவங்களுக்குச் சாய்சதுரமான ஒரு குறி இடப்பட்டது. அதன் உச்சியில் உரோமானிய எண் ஒன்று இருந்தால் அது உலோகப் பொருள் என்று பொருள். சுற்றியுள்ள எழுத்துகளும் எண்களும் பதிவான ஆண்டையும் மாதத்தையும் நாளையும் காட்டும். 1884 முதல் அந்தக் குறி போய், வெறும் தொடர் எண் வந்தது. ஸ்காட்லாந்தின் கேரன், ஃபால்கர்க் முதலிய வார்ப்பாலைகளின் பெயரைத் தாங்கிய அடுப்புகள் உலகெங்கும் சென்றன. நண்பர் இதையெல்லாம் எங்கோ கேட்டறிந்து, தம் அடுப்பும் கப்பலேறி வந்ததாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும் மலையேறிய சீமை அடுப்பு என்று எழுதினால் விருந்தினர் வியப்பார்கள் அல்லவா?

கம்பித் தூரிகையால் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தேன். சாய்சதுரம் இல்லை, எண் இல்லை, பெயரும் இல்லை. கதவின் நடுவே தேய்ந்துபோன ஒரு பூவேலை மட்டும் இருந்தது. பொருளின் இயல்பை அறிய வேறு வழிகளும் உண்டு. சாணைக்கல்லில் ஓர் ஓரத்தை இலேசாகத் தொடச் செய்தால், வார்ப்பிரும்பு மங்கிய செந்நிறத்தில் குட்டையான பொறிகளை உதிர்க்கும். எஃகுத் தகடு நீண்ட ஒளிக்கோடுகளாகச் சிதறும். கதவும் அதன் சட்டமும் வார்ப்பு. பீப்பாயோ தகடு. அதிலும் பின்பாதி தறையாணிகளால் இணைக்கப்பட்டது. முன்பாதி பிற்காலத்தில் பற்றவைத்த தகடு. விறகு கிடக்கும் கம்பிகள் அதனினும் புதியவை. தீ இரும்பைத் தின்னும். தின்ற பகுதியை உள்ளூர்ப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மாற்றியிருக்கின்றன. குழாய்களில் பழையது என்று ஒன்றுகூட இல்லை.

தீசியசின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதியதை மெய்யியல் மாணவர்கள் அறிவர். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் அது அதே கப்பல்தானா என்பது கேள்வி. நண்பரின் முகத்தில் தெரிந்த ஏமாற்றம் அந்தக் கேள்வியைவிட எனக்குச் சுவையாக இருந்தது. பழமை குறைந்ததனால் அவர் வருந்தவில்லை. அயல்நாட்டுப் பெயர் கிடைக்காததனால் வருந்தினார். பெயர் தெரிந்த வார்ப்பாலையின் முத்திரை இருந்திருந்தால் அது வரலாறு. பெயர் தெரியாத பட்டறைக்காரரின் ஒட்டு என்றால் அது பழுது. இந்தப் பாகுபாட்டை நாம் இரும்புக்கு மட்டுமா வைத்திருக்கிறோம்?

கதவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அது சட்டத்தில் பொருந்தவில்லை. மேல்மூலையில் ஒரு விரற்கடை இடைவெளி. துருவினால் கோணியிருக்கும் என்று நண்பர் எண்ணினார். உண்மை வேறு. வார்ப்பிரும்பு கடுஞ்சூடு ஏறி ஆறி, மீண்டும் ஏறி ஆறும்போது சிறிது சிறிதாகப் பெருக்கும். பெருத்தது பழைய அளவுக்குத் திரும்பாது. இத்தனை ஆண்டுகளின் இரவுகள் அந்தக் கதவை வளர்த்திருக்கின்றன. அந்த இடைவெளி நெடுகிலும் களிமண் பூசப்பட்டு, சுட்ட செங்கல்போல இறுகியிருந்தது. புகை பின்னோக்கி முகத்தில் அடிக்காமலிருக்க எவரோ பூசியது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது அந்த மண்ணில் நான்கு விரல்களின் தடம் தெரிந்தது.

ஒரு பொருளைப் புதுப்பிக்க முறையாகப் பயின்றவர் என்ன செய்வார்? கதவை அரத்தால் இழைத்துச் சட்டத்துக்குப் பொருத்துவார்; விரிசலை முன்கூட்டியே சூடேற்றி நிக்கல் கம்பியால் பற்றவைப்பார்; மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு உலைச் சிமெண்டால் இணைப்புகளை அடைப்பார்; காரீயக் கருமை தேய்த்து மினுக்குவார். இவற்றுள் எதுவும் தவறென்று சொல்வதற்கில்லை. பழையவை எல்லாம் புனிதம் என்பதும் பொய். அக்காலத்து அடுப்புகளின் இணைப்புகளில் கல்நார்க் கயிறு அடைத்திருப்பது வழக்கம். கல்நார் எவ்வகையானாலும் புற்றுநோய் தரும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் தெளிவாகச் சொல்லியுள்ளது. வெள்ளை நார் தென்பட்டால் உலர்நிலையில் சுரண்டாமல், அறிந்தவரை அழைத்து நீரால் நனைத்து அகற்றுவதே முறை. அதில் பழமைப் பற்றுக்கு இடமில்லை. விரல் பதிந்த அந்த மண்ணும் கல்நாரைப் போன்ற குப்பைதானா என்பதே என்னைத் தடுத்து நிறுத்திய கேள்வி.

உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் சுவரோவியங்களை 1980 முதல் 1994 வரை தூய்மை செய்தபோது இத்தகைய சிக்கல் ஒன்று எழுந்தது. மைக்கேலாஞ்சலோ தீட்டிய 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தின் ஆடையற்ற உருவங்களுக்கு, அவர் மறைந்தபின் தானியேலே தா வொல்தெர்ரா என்ற ஓவியர் துணி தீட்டினார். அதற்காகக் கேலிப்பெயரும் பெற்றார். பிற்காலத்தவர் வேறு சிலரும் அவ்வாறே தீட்டிச் சேர்த்தனர். தூய்மை செய்தவர்கள் பிந்தியவற்றுள் பலவற்றை அகற்றினர். வொல்தெர்ரா தீட்டியதை விட்டுவைத்தனர். அது மூல ஓவியத்தின் பகுதியன்று, ஆனால் திருச்சபை வாழ்ந்த வரலாற்றின் பகுதி என்பது அவர்கள் கொண்ட கருத்து. அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதே. தொடக்க நாளுக்குத் திரும்புவது மட்டுமே மீட்பு என்றால், இடையில் வாழ்ந்தவர்கள் அனைவரும் அழுக்காகிவிடுகிறார்கள்.

ஆனால் பொருளைத் திரும்பத் தொழிலுக்குக் கொண்டுவருவதும் ஒரு மீட்பே. எங்கள் ஊருக்கு 1928-இல் வந்த மீட்டர்கேஜ் இரயில் பாதை அகலப் பாதைப் பணிக்காக 2010-இல் மூடப்பட்டு, 2023-இல் மீண்டும் இரயில் ஓடியபோது, பழைய தண்டவாளம் எங்கே என்று கண்ணீர் வடித்தவர் எவரையும் நான் காணவில்லை. மீண்டது பயணம், அது போதுமானதாயிருந்தது. அப்படியானால் அடுப்பையும் மறுபடி எரியவிடலாமே என்று நண்பரின் மகன் கேட்டார். இளைஞரின் கேள்வி நேர்மையானது. ஆனால் ஏலம் நிழலில் வாழும் செடி. அதற்குக் குடை பிடிக்கும் காட்டின் மரமே அதன் காயை உலர்த்தும் விறகாகவும் ஆகி வந்தது. தன் உயிருக்குத் துணைநின்ற நிழலை இரவோடிரவாக எரித்த தொழில் இது. 2015-இல் வெளியான 'இறைவா உமக்கே புகழ்' திருமடலை வாசித்த பிறகு, விருந்தினரின் வேடிக்கைக்காக ஒரு கட்டு விறகை எரிப்பதுகூட என் மனச்சான்றுக்கு உகந்ததாக இல்லை. அடுப்பு எரிய வேண்டாம் என்பதில் நாங்கள் மூவரும் உடன்பட்டோம். எரியாத அடுப்பில் எதை மீட்பது?

இந்தக் கேள்வியோடு மலையிறங்கிய அன்றிரவு, யோவான் நற்செய்தியின் இரு இடங்கள் நினைவுக்கு வந்தன. கரியால் மூட்டிய தீயைக் குறிக்கும் 'ஆந்த்ராக்கியா' என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது, இரண்டும் யோவானில். முதலாவது, தலைமைக் குருவின் முற்றம். குளிராயிருந்ததால் பணியாளரும் காவலரும் கரித்தீ மூட்டிச் சுற்றி நின்றனர். நம் பாட்டிமார் இராயப்பர் என்றழைத்த பேதுரு அவர்களோடு நின்று குளிர்காய்ந்தார், அங்கேதான் மறுதலித்தார். இரண்டாவது, திபேரியாக் கடற்கரை. இரவெல்லாம் வலைவீசி வெறுங்கையோடு இருந்தவர்கள், கரையிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு வீசி வலை நிறைந்தபின் கரையேறியபோது, அங்கே கரித்தீயும் அதன்மேல் மீனும் இருக்கக் கண்டனர். அந்தத் தீயின் அருகில்தான், மும்முறை மறுதலித்தவரிடம் மும்முறை அன்பைப் பற்றிக் கேட்கப்பட்டது.

மறையுரைகளில் மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி என்பதைப் பன்முறை கேட்டிருக்கிறோம். தீயைப் பற்றி நான் கேட்டதில்லை. கரிப்புகையின் மணம் பேதுருவுக்கு எதை நினைவூட்டியிருக்கும்? அவரை மீட்க விரும்பிய ஆண்டவர், அந்த இரவை நினைவூட்டும் எதுவும் இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்திருக்கலாம். மலையுச்சியோ மேலறையோ போதாதா? விழுந்த இடத்தின் மணத்துக்கே அவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். விரிசல் மறையும்படி பூசப்படவில்லை. விரிசலின் மேலேயே கைவைத்து விசாரிக்கப்படுகிறது. இன்னொன்றும் உண்டு. முற்றத்தின் தீயைப் பணியாளர் மூட்டினர். பேதுரு பிறர் உழைப்பில் குளிர்காய்ந்தார். கடற்கரைத் தீயை மூட்டியவர் யாரென்று நற்செய்தியாளர் சொல்லவில்லை. ஆனால் விடியற்காலையில் அந்தக் கரையில் நின்றவராக அவர் காட்டுவது ஒருவரைத்தான். குனிந்து ஊதி, கண்ணில் புகைபட, கரியைப் பற்றவைத்த கைகள் எவருடையவை என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அடுத்த முறை மலையேறியபோது, அந்த ஸ்டோரில் நெடுங்காலம் தீப்போட்ட பெரியவரை அழைத்துவரச் சொன்னேன். போடியில் மகள் வீட்டில் இருக்கிறார். தோட்டத்துக்குக் கூலி ஆள்களை ஏற்றிவரும் விடியற்கால ஜீப்பில், பெண்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. புகையினாலா முதுமையினாலா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அடுப்பைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் கையால் பார்த்தார். கதவின் மூலையைத் தடவி, "இந்தச் சந்துக்கு மண்ணு வைக்கலேன்னா புகை மூஞ்சியில அடிக்கும்" என்றார். விரல் தடத்தைக் காட்டினேன். தம் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. "எனக்கு முன்னால இருந்தவரு கையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதரின் பெயரையும் சொன்னார். நண்பருக்கே தெரியாத பெயர் அது.

பிறகு நண்பர் விடுதிக் கூடத்தின் வரைபடத்தை விரித்து விளக்கினார். சுவர்மேல் அடுப்பு சாய்ந்திருக்கும். பூவேலைக் கதவு விருந்தினரைப் பார்த்திருக்கும். சிவப்பு விளக்கு உள்ளே ஒளிரும். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"கதவு உள்பக்கம் பார்த்தா இருக்கும், சின்ன முதலாளி?"

"ஆமாம், அதுதானே முகப்பு?"

"அடுப்போட வாய் வெளிப்பக்கம்லா இருக்கும். சூடு உள்ள காய்க்கு. நாங்க வெளிய."

அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. பொருளைத் தவறாகப் பொருத்துகிறவருக்குத் தொழில் தெரிந்தவர் சொல்லும் குரல் அது. நாங்கள் மூவரும் ஸ்டோரைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். அடுப்பின் வாய் திறந்திருந்த இடத்தில் தகரச் சாய்ப்பு ஒன்று. அதன் கீழ் வழவழத்துத் தேய்ந்த ஒரு கல். அறைக்குள் 50 பாகைக் கதகதப்பில் காய்கள் மெல்ல உலர்ந்துகொண்டிருக்க, இங்கே மார்கழிப் பனியில், முகம் வெந்தும் முதுகு விறைத்தும் ஒரு மனிதர் விடிய விடிய உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் இத்தனை நாள் முத்திரையையும் தறையாணியையும் பொறியையும் ஆராய்ந்து, இந்த அடுப்பை அடையாளம் கண்டுவிட்டதாக நினைத்திருந்தேன். எது முன்பக்கம் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று துருவை மட்டும் அகற்றினோம். விரிசலை வெளித்தெரியும்படியே தைத்துவிடலாம் என்று பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டார். கதவை இழைக்கவில்லை. உதிர்ந்திருந்த இடத்துக்குப் பெரியவர் ஓடைக்கரையிலிருந்து மண் கொண்டுவரச் சொல்லி, தாமே பிசைந்து, பழைய தடத்தைத் தொடாமல் அதன் அருகே பூசினார்.

அடுப்பைச் சுவரிலிருந்து பெயர்க்காமல் அங்கேயே விட்டுவிட வேண்டும், பார்க்க விரும்பும் விருந்தினர் கூடத்தைவிட்டு வெளியே வந்து அந்தச் சாய்ப்பின் கீழ் நின்று பார்க்கட்டும் என்பது என் கருத்து. நண்பருக்கு அரைமனம். பயணிகள் பனியில் வெளியே வரமாட்டார்கள் என்கிறார். அதிலும் உண்மை இருக்கிறது. பலகைக்கு நான் எழுதிக்கொடுத்தவற்றில் கதவு வார்ப்பு, பீப்பாய் உள்ளூர்ப் பட்டறை வேலை என்பது முதல் வரி. இரண்டாவது வரியில் தீப்போட்டவர்கள் இருவரின் பெயரையும் எழுதியிருக்கிறேன். அந்த வரியைப் பற்றி அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.